கண்டியில் காலம் அளந்த கருவிகள்

கண்டி நகருக்கு வருகின்றவர் எவராயினும், பேருந்து நிலையத்தருகே நிமிர்ந்து நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரத்தைக் காணாது செல்லுதல் அரிது. விபத்தொன்றிலே மகனை இழந்த தந்தையொருவர், அம்மகனின் நினைவாக எழுப்புவித்த கோபுரம் அது. 1950ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் திகதி, அப்போதைய பிரதம மந்திரி டி. எஸ். சேனாநாயக்க அதனைத் திறந்து வைத்தார். பேராதனைப் பல்கலைக்கழகக் கட்டடங்களின் அமைப்பிலே பெரும்பங்கு கொண்ட ஷேர்லி டி அல்விஸ் அவர்களே இக்கோபுரத்தையும் வரைந்தவர்.

மணிக்கூடு ஓடிக்கொண்டிருக்கும் வரையில் அதனைப் பற்றி எவரும் எண்ணுவதில்லை. நின்றுவிட்டாலோ ஊர் முழுவதும் அதனைப் பற்றிப் பேசும். ஓடிய மணிக்கூடு நின்றுபோவது ஒரு குறை. ஓடத் தொடங்கவேண்டிய வேளையிலே தொடங்காதிருப்பது வேறொரு குறை. இவ்விரண்டனுள் பின்னையதே மிக்க வஞ்சகமானது. இன்று சரியாகத் தொடங்கும், நாளை தொடங்காது, மறுநாள் மீண்டும் தொடங்கும். காரணம் கேட்டால் அகப்படாது. நம் காலத்து மின்சுற்றுப் பலகைகளிலே விரல் நகத்தினும் சிறியதாய் அமர்ந்திருக்கும் காலச் சில்லுகளுக்கு இக்குறை பெரிதும் உண்டு. ஆயினும் அது நேற்றுத் தோன்றியதன்று. கண்டி இராச்சியத்தின் செப்பு வட்டில் முதற்கொண்டு காலக்கருவிகள் யாவற்றுக்கும் தொடக்கம் என்பதே தொல்லையாக இருந்து வந்திருக்கின்றது. அவ்வரலாற்றையே நேயர்களுக்கு இன்று எடுத்துரைக்க விழைகின்றேன்.

கண்டி நாட்டிலே மக்கள் எவ்வாறு காலம் கணித்தார்கள் என்பதற்குத் தக்க சான்று தருபவர் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர். 1658ஆம் ஆண்டிலே தந்தையாரோடு கப்பலேறிய அவர், 1660ஆம் ஆண்டிலே கிழக்குக் கரையிலுள்ள கொட்டியாரத்திலே இரண்டாம் இராஜசிங்க மன்னனின் ஆட்களிடம் சிறைப்பட்டார். அதன்பின் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாக மலைநாட்டுக் கிராமங்களிலே வாழ்ந்தார். கண்டிக்கு அணித்தான எலதெத்தையிலே வீடு கட்டி, தொப்பி பின்னியும் நெல் கடன் கொடுத்தும் பிழைத்தார். 1679ஆம் ஆண்டிலே அரிப்புக் கோட்டையிலிருந்த ஒல்லாந்தரிடம் தப்பிச் சென்றார். அவர் எழுதிய இலங்கை வரலாற்று நூல் 1681ஆம் ஆண்டிலே இலண்டனில் வெளியாயிற்று.

நொக்ஸ் கூறுவதன் சுருக்கம் இது. கண்டி மக்கள் பகலை முப்பது கூறாகவும் இரவை முப்பது கூறாகவும் பகுத்தனர். ஒவ்வொரு கூறும் ஒரு 'பே'. பகற் கணக்குச் சூரிய உதயத்திலே தொடங்கும். பதினைந்தாம் பே உச்சிவேளை. தமிழர் வழங்கும் நாழிகையும் இதுவேயன்றோ? அறுபது நாழிகை ஒரு நாள்; ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். 'பெய' என்னும் அச்சிங்களச் சொல் இன்று 60 நிமிடங்கொண்ட மணித்தியாலத்தைக் குறிக்கின்றது. சொல் நிலைத்தது, அளவு மாறியது.

பொதுமக்களிடம் காலக்கருவி கிடையாது. சூரியனைப் பார்த்து உத்தேசமாகவே சொல்வர். மன்னனிடம் மாத்திரம் ஒரு கருவி இருந்தது. சிறிய செப்பு வட்டில் ஒன்று. அடியிலே மிக நுண்ணிய துளை. அவ்வட்டிலை நீர் நிறைந்த மட்பானையிலே மிதக்கவிடுவர். துளை வழியாக நீர் சிறிது சிறிதாக ஏறும். வட்டில் நிறைந்து அமிழ்ந்தால் ஒரு பே கழிந்தது. உடனே அதனை எடுத்து வெறுமையாக்கி மீண்டும் மிதக்கவிடுவர். இதனை இடைவிடாது பார்த்திருப்பதற்கென்றே மன்னன் ஓர் ஆளை வைத்திருந்தான். குடியானவரும் சிற்சில சமயங்களில், விதைப்புக்கு நல்ல முகூர்த்தம் பார்க்கும்போது, இவ்வட்டிலைப் பயன்படுத்தினர்.

தமிழர்க்கு இது புதுமையன்று. பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டிலே, பாசறையில் இருக்கும் அரசனுக்குப் பொழுது அறிவிக்கும் நாழிகைக் கணக்கரும், அவர்தம் கன்னல் என்னும் நீர்க்கருவியும் பேசப்படுதலைக் கற்றோர் அறிவர்.

இவ்வட்டிலின் குறை யாது? நீர் ஏறும் வேகத்திலே பெரும்பிழை இல்லை. துளையிலே களிம்பு படிந்தால் வேகம் குறையும், துடைத்தால் தீரும். உண்மையான இடர்ப்பாடு தொடக்கத்திலேதான். முதலாவது தொடக்கம் சூரிய உதயம். ஆனால் கண்டியோ மலைகளால் சூழப்பட்ட பள்ளம். சமவெளியிலே சூரியன் தோன்றிய பின்னரும் மலைவிளிம்புக்கு மேலே அது தலைகாட்டச் சிறிது நேரம் செல்லும். மார்கழி தை மாதங்களிலே பனிமூட்டம் வேறு. தொடக்கக் கணம் தவறினால் அன்றைய கணக்கு முழுவதும் தவறும். இரண்டாவதாக, ஒவ்வொரு முறை வட்டில் அமிழும்போதும் ஒரு புதிய தொடக்கம் உண்டு. நாளொன்றுக்கு அறுபது தொடக்கங்கள். ஒவ்வொரு தடவையும் காவலன் ஐந்து செக்கன் தாமதித்தால், நாள் முடிவிலே முந்நூறு செக்கன், அதாவது ஐந்து நிமிடம், கணக்கிலிருந்து நழுவிவிடும். ஆயினும் அக்கருவிக்கு ஒரு பெருஞ்சிறப்பு இருந்தது. வட்டில் மிதக்கிறதா, அமிழ்ந்ததா, மீண்டும் தொடங்கிற்றா என்பதை ஒரு மனிதன் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான். தொடங்காத கருவி தொடங்கியதுபோல் நடிக்க இயலாது.

மழைக்காலத்திலே சூரியன் தெரியாதபோது குடிமக்கள் என்செய்தனர்? அதற்கும் நொக்ஸ் விடை தருகின்றார். மாலை நான்கு மணியளவிலே மலர்ந்து, இரவு முழுவதும் விரிந்திருந்து, காலையிலே குவியும் மலரொன்றைத் தோட்டங்களிலே நட்டு, அதனையே மணிக்கூடாகக் கொண்டனராம். அது நாம் அந்திமந்தாரை என்று வழங்கும் செடியென அறிஞர் கருதுவர். பிறிதோரிடத்திலே, இரவுக்கு ஏழு பே இருக்கும்போது மலரும் பூவொன்றைப் பற்றி அவர் குறிக்கின்றார். ஏழு பே என்றால் 168 நிமிடம். கணக்கிட்டால் மாலை மூன்றேகால் மணியளவாகும். நான்குக்கும் மூன்றேகாலுக்கும் உள்ள இவ்வேறுபாடு நொக்ஸின் பிழையாகவும் இருக்கலாம். பூவின் இயல்பாகவும் இருக்கலாம். வெயிலும் ஈரமும் மாறினால் பூவின் தொடக்கமும் மாறும். இவ்வுண்மையை நேயர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். பின்னர் இது நமக்குப் பயன்படும்.

இங்கே வியக்கத்தக்க ஒரு தொடர்பைக் கூறாதிருத்தல் இயலாது. நொக்ஸ் இங்கிலாந்தை விட்டுப் புறப்படுவதற்கு ஏறத்தாழ ஓராண்டின் முன்னர்தான், 1656ஆம் ஆண்டின் முடிவிலே, ஒல்லாந்தரான கிறிஸ்தியான் ஹைகன்ஸ் ஊசல் மணிக்கூட்டை ஆக்கினார். நொக்ஸ் செப்பு வட்டிலையும் பூவையும் நம்பி வாழ்ந்த காலத்திலே ஐரோப்பாவிலே காலக்கலை தலைகீழாக மாறிவிட்டது. அவர் திரும்பியதும் அவருக்கு நண்பராகி, அவரது நூலுக்கு முன்னுரையும் எழுதியவர் றொபேட் ஹூக். சுருள்வில்லால் ஓட்டம் ஒழுங்குபெறும் சிறு கடிகாரத்தை முதலிலே எண்ணியவர் யார் என்று 1675ஆம் ஆண்டிலே ஹைகன்ஸோடு வழக்காடிய அதே ஹூக்தான். கண்டியின் நீர் வட்டிலும் இலண்டனின் சுருள்வில்லும் இவ்வாறு ஒரே நட்பிலே சந்தித்தன.

ஊசல் மணிக்கூட்டுக்கும் தொடக்கத் தொல்லை உண்டு. அதன் எடையைத் தூக்கிவைத்தாலும் அது தானாக ஓடாது. ஊசலைக் கையால் ஒருபுறம் இழுத்து விடவேண்டும். அதுவும் போதிய அளவு இழுக்கவேண்டும். சிறிது அசைத்தால் ஊசல் இரண்டொரு முறை ஆடி ஓய்ந்துவிடும். ஒவ்வோர் ஆட்டத்திலும் உராய்வினால் இழக்கும் சக்தியைவிட, பற்சக்கரம் ஊட்டும் சக்தி குறையாதிருந்தால்தான் ஆட்டம் நிலைபெறும். காலக்கருவிகள் அனைத்துக்கும் இதுவே அடிப்படை விதி. கொழும்பிலே திருத்திய ஊசல் மணிக்கூட்டைச் சுமார் 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டிக்குக் கொண்டுவந்தால், புவியீர்ப்புச் சற்றுக் குறைவதனால் நாளொன்றுக்குச் சில செக்கன் பின்தங்கும். மலைநாடு தன் காலத்தைத் தானே திருத்திக்கொள்ளவேண்டும் என்பது இயற்கையின் கட்டளைபோலும்.

1815ஆம் ஆண்டிலே கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கையிற் சேர்ந்தது. 1867ஆம் ஆண்டிலே கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் வந்தது. அதே ஆண்டிலே கண்டிக்குத் தென்கிழக்கேயுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டார். இவ்விரண்டும் சேர்ந்து மலைநாட்டின் காலத்தை மாற்றின. புகையிரதத்துக்கு நாழிகை உதவாது, நிமிடம் வேண்டும். தோட்டத்திலோ காலம் தொழிலாளியின் வயிற்றோடு பிணைக்கப்பட்டது. விடியற்காலையிலே தப்பு ஒலிக்கும், பெரட்டுக் களத்திலே ஆட்கள் கூடுவர், பேர் பதியப்படும். நேரம் பிந்தியவருக்கு முழுப்பேர் இல்லை. சிலவேளை வேலையே இல்லை. தமிழகத்திலிருந்து வந்த அம்மக்களிடம் மணிக்கூடு இல்லை. மணிக்கூடு துரையின் பங்களாவிலே இருந்தது. அது முந்தினாலும் பிந்தினாலும் கேள்வி கேட்பார் இல்லை. காலக்கருவியின் பிழை எப்போதும் அதனை வைத்திருப்பவரைவிட வைத்திராதவரையே மிகுதியாகத் தாக்கும் என்பதற்கு நம் மலைநாட்டு வரலாறே சான்று.

இலங்கை முழுவதற்கும் பொதுநேரம் ஏற்பட்டது படிப்படியாகவே. 1880 முதல் கிரீனிச் நேரத்துக்கு 5 மணி 19 நிமிடம் 32 செக்கன் முந்திய மொறட்டுவை நேரம் வழங்கிற்று. 1906 சனவரி முதலாந் திகதி அது 5½ மணியாக்கப்பட்டது. யுத்த காலத்திலே, 1942இல் முதலில் 6 மணியாகவும் பின்னர் 6½ மணியாகவும் மாற்றப்பட்டு, 1945இல் மீண்டும் 5½ ஆயிற்று. 1996ஆம் ஆண்டு மே மாதத்திலே 6½. அவ்வாண்டு அக்டோபரிலே 6. 2006ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே மறுபடியும் 5½. இவ்விடைக்காலத்திலே ஒருவரையொருவர், "புதிய நேரமா, பழைய நேரமா?" என்று வினவியதை நேயர்களிற் பலர் மறந்திருக்கமாட்டார்கள். கண்டியின் சூரியனோ இச்சட்டங்களை அறியாது. பொதுநேரம் ஏறத்தாழப் பன்னிரண்டு மணி ஏழரை நிமிடம் ஆகும்போதுதான், ஆண்டுச் சராசரியாக, கண்டியிலே உச்சிப்பொழுது.

இனிப் படிகத்தின் கதைக்கு வருவோம். 1880ஆம் ஆண்டிலே பிரான்சிய சகோதரர்களான ஜாக் கியூரியும் பியேர் கியூரியும், சில படிகங்களை அமுக்கினால் அவற்றிலே மின் தோன்றுதலைக் கண்டனர். மின்னை ஊட்டினால் படிகம் நுண்ணிதாக அசையும் என்பது அடுத்த ஆண்டிலே நிறுவப்பட்டது. 1921ஆம் ஆண்டளவிலே அமெரிக்கரான வால்டர் கேடி, குவார்ட்ஸ் படிகத்தைக் கொண்டு வானொலி அலையின் மீடிறனை நிலைநிறுத்தினார். ஜோர்ஜ் பியர்ஸ் என்பவர் அச்சுற்றை மேலும் எளிமையாக்கினார். இன்றைய காலச் சில்லுகளிலும் பியர்ஸின் அமைப்பே வழங்குகின்றது. 1927ஆம் ஆண்டிலே வாரன் மரிசனும் அவர் துணைவரும் முதலாவது குவார்ட்ஸ் மணிக்கூட்டைச் செய்தனர்.

1944ஆம் ஆண்டு ஏப்ரலிலே மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைக் கண்டிக்குக் கொண்டுவந்து, பேராதனைப் பூந்தோட்டத்திலே நிறுவினார். அக்காலத்து இராணுவ வானொலிக் கருவிகளுட் பலவற்றுக்குப் படிகத் தகடே உயிர்நாடி. அதற்கு முந்திய ஆண்டிலே அமெரிக்க இராணுவம் இப்படிகங்களால் பெரும் இடருக்கு உள்ளாகியிருந்தது. தொழிற்சாலையிலே நன்றாகத் தொடங்கிய படிகங்கள், சில மாதம் பெட்டியில் இருந்தபின், முக்கியமாக வெப்பமும் ஈரமும் மிக்க நாடுகளிலே, தொடங்க மறுத்தன. ஆராய்ந்தபோது காரணம் வெளிப்பட்டது. தகட்டை அரைத்து மெலிதாக்கும்போது அதன் மேற்பரப்பிலே கண்ணுக்குத் தெரியாத துகட்படலம் எஞ்சியிருந்தது. காற்றின் ஈரம் அப்படலத்தினுட் புகுந்து அதனைச் சிதைத்தது. தளர்ந்த துகள் படிகத்தின் அசைவைத் தடுத்தது. பரிகாரம் எளிது: இறுதி அரைப்பை நிறுத்தி, அமிலக் கரைசலால் அப்படலத்தை அரித்து நீக்கினர். படிகங்கள் மீண்டும் தொடங்கின. ஈரமே முதற்பகை என்னும் பாடம் அன்று கற்கப்பட்டது. ஈரத்துக்குப் பெயர்போன நம் மலைநாட்டுக்கு இப்பாடம் இன்றும் பொருந்தும்.

1969ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் திகதி யப்பானிய நிறுவனமொன்று முதலாவது குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. இன்று பெரிதும் வழங்கும் படிகம் இசைக்கவையின் வடிவினது. அது ஒரு செக்கனில் 32,768 முறை அசையும். இவ்வெண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் ஒன்று வரும். ஆகவே சில்லுக்குச் செக்கனை எண்ணுதல் எளிதாயிற்று. இப்படிகம் 25 பாகை வெப்பநிலையிலே மிக விரைவாக ஓடும். வெப்பம் கூடினாலும் குறைந்தாலும் பின்தங்கும். கண்டியின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ அதுவே. நுவரெலியாவின் 16 பாகையிலே அதே கருவி மாதமொன்றுக்கு ஏழு செக்கன் அளவில் பின்தங்கும். ஓட்டத்தைப் பொறுத்தமட்டில் கண்டி இக்கருவிக்கு உகந்த ஊர். தொடக்கத்தைப் பொறுத்தமட்டில் அவ்வாறன்று.

அதற்குக் காரணம் கூறுகின்றேன். ஊசலைக் கையால் இழுத்துவிடுகின்றோம். படிகத்தை இழுத்துவிடுவார் யார்? எவருமில்லை. மின் பாயும் எந்தப் பொருளிலும் ஓயாத நுண்ணிரைச்சல் ஒன்று உண்டு. அவ்விரைச்சலிலே 32,768 என்னும் மீடிறனுக்கு இசைந்த சிறுகூற்றைப் படிகம் தெரிந்தெடுக்கும். சில்லினுள் இருக்கும் விரியலாக்கி அதனைப் பெருக்கி மீண்டும் படிகத்துக்கு ஊட்டும். சுற்று ஒருமுறை வலம் வரும்போது பெறுவது இழப்பதைவிடக் கூடுதலாயிருந்தால் அசைவு வளரும். ஏறத்தாழ ஒரு செக்கனில் நிலைபெறும். குறைந்தாலோ இரைச்சல் இரைச்சலாகவே இருந்து ஒழியும். ஊசலுக்குச் சொன்ன அதே விதிதான். காலச் சில்லு நாணயம் போன்ற சிறு மின்கலத்திலே பல ஆண்டு உயிர்வாழவேண்டியது. ஆதலால் அதன் விரியலாக்கியை மிக மெலியதாகவே அமைப்பர். வரவு செலவைவிடச் சிறிதே மிகுந்த குடும்பத்தைப் போன்றது அது. எதிர்பாராத சிறு செலவு வந்தாலும் நொடித்துவிடும்.

இதற்கு நான் நேரிற் கண்ட நிகழ்ச்சியொன்று உண்டு. கண்டிக்கு அப்பாலுள்ள மலைச்சரிவொன்றிலே வைப்பதற்கென, மின்னியலிலே தேர்ந்த நண்பரொருவர் மழைமானி ஒன்றைத் தாமே அமைத்தார். சிறு கரண்டியிலே குறித்த அளவு மழைநீர் நிறைந்ததும் அது கவிழும். கவிழ்ந்த வேளையைச் சில்லு சொல்ல, கருவி பதிந்துகொள்ளும். அச்சரிவின் கீழே தோட்டத்து லயங்கள் இருந்தன. மலைநாட்டிலே இத்தகைய பதிவு விளையாட்டன்று. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்களை மண்சரிவு மூடியதை நாடறியும். எவ்வளவு மழை பெய்தது என்பதோடு, எத்தனை மணித்தியாலத்தில் பெய்தது என்பதும் தெரிந்தால்தான் மலை எப்போது நெகிழும் என்று எச்சரிக்க இயலும். நூறு மில்லிமீற்றர் மழை மூன்று நாளிலே பெய்தால் மண் குடித்துவிடும். மூன்று மணித்தியாலத்திலே பெய்தால் மண்ணே புறப்பட்டுவிடும்.

மழை தொடங்கிய வாரத்திலே நண்பர் மின்கலத்தை மாற்றிவிட்டு வந்தார். சில நாட்களின் பின் பதிவை எடுத்துப் பார்த்தபோது திகைத்தார். பெய்த மழை முழுவதும் 2000ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாள், நள்ளிரவுப் பன்னிரண்டு மணிக்கு, ஒரே கணத்திலே கொட்டியதாகக் கருவி எழுதியிருந்தது. சில்லு தொடங்கவேயில்லை, தொடக்க இலக்கத்திலேயே நின்றது. நகரிலுள்ள மேசைக்குக் கொண்டுவந்தார், உடனே தொடங்கிற்று. சரிவுக்குக் கொண்டுசென்றார், சில காலைகளில் தொடங்கிற்று, சில காலைகளில் மறுத்தது.

அவர் குறையைத் தேடிய முறை, நோய் நாடி நோய்முதல் நாடும் வைத்தியரின் முறையாகவே இருந்தது. முதலிலே மின்கலத்தை அளந்தார். மூன்று வோல்ற், குறைவில்லை. சில வகைச் சில்லுகள் முதன்முதலில் மின் பெறும்போது, ஓடுக என்னும் கட்டளை வரும்வரை வாளாவிருக்கும், அக்கட்டளை ஒழுங்காகச் செல்கின்றதா என்று பார்த்தார், சென்றது. படிகத்தை மாற்றினார், இரண்டு நாள் நன்றாயிருந்து பின்னர் பழைய நிலையே. அளக்கும் கருவியின் முனையைப் படிகத்திலே தொட்டால், நின்றது ஓடிற்று. சிலபோது ஓடியது நின்றது. அளக்கும் கருவியே சுற்றின் ஒரு பகுதியாகிவிடும்போது அதன் சாட்சியம் ஏற்கத்தக்கதன்று என்று அதனை ஒதுக்கினார். அதற்குப் பதிலாக, செக்கனுக்கு ஒருமுறை துடிக்கும் வேறோர் ஊசியிலிருந்து ஓட்டத்தைக் கவனித்தார்.

இரண்டு தடயங்கள் அவருக்கு வழிகாட்டின. ஒன்று, ஓடுகின்ற நாட்களிலும் கருவி நாளொன்றுக்கு நான்கு செக்கன் அளவிலே பின்தங்கிற்று. மற்றொன்று, பலகையின்மீது வாயால் ஊதினால் அது தொடங்க மறுத்தது. வெப்பக் காற்றைச் செலுத்தினால் தொடங்கிற்று. முன்னையது அவரைப் படிகத்தின் இருபுறமும் இருந்த கொள்ளளவிகளிடம் இட்டுச் சென்றது. அச்சில்லினுள்ளேயே வேண்டிய கொள்ளளவிகள் அடங்கியிருக்க, பழைய பழக்கத்தினால் அவர் வெளியிலும் இரண்டைப் பொருத்தியிருந்தார். மிகையான அச்சுமை படிகத்தின் ஓட்டத்தைத் தாமதப்படுத்தியதோடு, தொடங்குவதற்கு வேண்டிய பெருக்கத்தையும் உயர்த்திவிட்டது. பின்னையது அவரைப் பலகையின் அடிப்புறத்துக்கு இட்டுச் சென்றது. ஈயம் பற்றவைக்கும்போது இடும் குங்கிலியப் பசை படிகத்தின் இரு கால்களுக்கும் இடையே மெல்லிய படலமாய் எஞ்சியிருந்தது. உலர்ந்த மேசையிலே அது தீங்கற்றது. பனிமூட்டத்திலே ஈரத்தை உறிஞ்சி, மின்னைக் கசியவிடும் கள்ள வழியாயிற்று. ஒரு குறை மட்டும் இருந்திருந்தால் சில்லு ஒருவாறு சமாளித்திருக்கும். இரண்டும் கூடிய காலைகளிலே அது தோற்றது. அதனாற்றான் இன்று ஓடியது நாளை ஓடவில்லை. அந்திமந்தாரை ஈரத்துக்கும் வெயிலுக்கும் ஏற்ப மலரும் நேரத்தை மாற்றிக்கொள்ளும் என்றேனன்றோ? இதுவும் அதனையொத்ததே.

நண்பர் வெளிக் கொள்ளளவிகளைக் கழற்றினார். பலகையை மதுசாரத்தாற் கழுவி, நன்கு உலர்த்தி, ஈரம் புகாத அரக்குப் பூச்சிட்டார். அத்தோடு அமைந்தாரல்லர். படிகத்தோடு தொடராக ஒரு தடையியை இணைத்து, அதன் அளவைப் படிப்படியாக உயர்த்தி, எந்த அளவிலே தொடக்கம் தவறுகின்றது என்று பார்த்தார். படிகத்தின் சொந்தத் தடையைப்போல் ஐந்து மடங்குவரை தாங்கினால் அது நம்பத்தக்கது என்பது தொழிலறிந்தோர் வகுத்த அளவு. முன்னர் இரண்டு மடங்கையும் தாங்காத சுற்று, இப்போது ஐந்தையும் கடந்தது. பின்னர் தடையியை நீக்கிவிட்டுச் சரிவிலே கொண்டுபோய் வைத்தார். அந்த மழைக்காலம் முழுவதும் அது ஒரு நாளும் தவறவில்லை.

இவையெல்லாவற்றினும் மேலாக அவர் செய்த கடைசித் திருத்தமே என் உள்ளத்தைக் கவர்ந்தது. கருவி விழித்தெழும்போதெல்லாம், செக்கன் உண்மையிலே நகருகின்றதா என்று இரண்டு முறை பார்க்கும்படி அதற்குக் கட்டளை எழுதினார். நகராவிடின், பொய்யான நேரத்தைப் பதியாது, நேரம் ஐயத்துக்குரியது என்று பதியவேண்டும். சிவப்பு விளக்கொன்றையும் எரியவிடவேண்டும்.

நேயர்களே, இது யாது? இராஜசிங்க மன்னன் செப்பு வட்டிலின் அருகே இருத்தியிருந்த அக்காவலன்தான் மீண்டும் பணிக்கு வந்திருக்கின்றான். நாளுக்கு அறுபது முறை தொடங்கிய கருவியை ஒரு மனிதன் கண்ணிமையாது காத்தான். ஆண்டுக்கணக்கிலே ஒரேயொரு முறை தொடங்கும் கருவியை நாம் ஆக்கினோம். அந்த ஒரு முறையைப் பார்க்க ஆளில்லாமல் விட்டோம். கருவி நுட்பமாகிய அளவுக்கு நம் கவனம் குறைந்தது. குறை படிகத்திலே பாதி, இக்கவனக்குறைவிலே பாதி.

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தைக் கடந்து செல்லும்போது இன்றும் பலர் அண்ணாந்து பார்த்துத் தம் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுக்கொள்கின்றனர். நல்ல பழக்கம் அது. மலைச்சரிவிலே, எவர் கண்ணிலும் படாது, பனியிலும் மழையிலும் தனித்திருந்து நேரம் எழுதும் சிறு கருவிகளை அண்ணாந்து பார்ப்பாரில்லை. அவற்றின் கீழே மக்கள் உறங்குகின்றனர். அவை தொடங்கினவா என்று பார்ப்பது, அவற்றை ஆக்கியவரின் கடமை.